வடிகால் மூன்று ஊருக்குப் பொது. மண் அட்டை மட்டும் தனித்தனியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 5, உலக மண் தினத்தையொட்டி உங்கள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. விவசாயிகள் வரிசையாக நின்று மண் வள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள். பார்த்ததும் எழுந்து போய் என் அட்டையைத் தேடினேன். ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. படத்தில் இருந்தவர்களின் அட்டைகளும் இந்நேரம் ஏதாவது ஒரு உறைக்குள்ளோ டிரங்குப் பெட்டிக்குள்ளோ போயிருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்ட வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள். வடிகாலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் திருச்சி மாவட்டம் மணிகண்டம் ஒன்றியத்தைச் சேர்ந்தவள். இருபத்தாறு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரில் இன்னும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் கணவர் காலமான பிறகு அவருடைய இரண்டே முக்கால் ஏக்கரை நானே பார்க்கிறேன். மகன் திருப்பூரில் இருக்கிறான். ‘விற்றுவிடு அம்மா’ என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வான், பொங்கலுக்குப் புது அரிசி வாங்கிப் போவான்.

எங்கள் பக்கம் களர் பூமி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை விட்டதும் வயலில் இறங்கினால் சோப்புத் தண்ணீரில் கால் வைத்த மாதிரி வழுக்கும். தேங்கின தண்ணீர் நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும், கீழே இறங்காது. காய்ந்தால் மேலே தகடு மாதிரி இறுகி, அங்கங்கே வெள்ளையாகப் பூக்கும். நட்ட மூன்றாவது வாரம் நெல்லின் அடி இலைகள் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். மாமியார் காலத்தில் வெள்ளாவி வைப்பதற்கு எங்கள் வயலிலிருந்து உவர்மண் அள்ளிப் போவார்களாம். ‘நம்ம நிலம் துணிக்கு நல்லது, நெல்லுக்கு ஆகாது’ என்பார் அந்த அம்மாள். பேச்சில் அவரை வெல்ல ஆள் கிடையாது.

மண் வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தது. பன்னிரண்டு விஷயங்களைச் சோதித்துச் சொல்லும் நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று பலருக்குத் தெரியாது. அட்டை உங்கள் பெயரில் வந்தாலும் மண் உங்கள் வயல் மண்ணாக இருக்க வேண்டியதில்லை. பாசனப் பகுதியில் இரண்டரை எக்டேருக்கு ஒரு கட்டம், அதாவது ஆறு ஏக்கர் சொச்சத்துக்கு ஒரு மாதிரி. அந்தக் கட்டத்துக்குள் வரும் எல்லோருக்கும் அதே முடிவுதான். ஒரே மாதிரியான மண் உள்ள ஊருக்கு இது போதும். எங்கள் ஊரில் ஆறு ஏக்கருக்குள் மேட்டில் செம்மண், நடுவில் சுண்ணாம்பு கலந்த சுக்கான், பள்ளத்தில் களர் என்று மூன்றும் வந்துவிடும். எனக்கு முதலில் வந்த அட்டையில் கார அமில நிலை (pH) 8.1 என்று இருந்தது. 8.5-ஐத் தாண்டினால்தான் களர் என்பார்கள். பத்து வருடமாக அந்த வயலில் வழுக்கி விழுந்து எழுந்தவள் நான். 8.1-ஐ என் கால் நம்பவில்லை.

அதனால் நானே மண் எடுத்தேன். வரப்போரம், எருக்குழி, மரத்தடி எல்லாம் தள்ளி, வளைந்து வளைந்து நடந்து பன்னிரண்டு இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, ஒரு சாண் ஆழத்துக்கு ஓரத்தைச் சீவி எடுத்து, சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்து, அரைக் கிலோ வரும் வரை குறைத்தேன். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைக்குக் குழம்பு ருசி பார்த்தவளுக்கு இது பழகின வேலைதான். அண்டாவின் ஓரத்தில் எடுத்து நக்கிப் பார்த்தால் உப்பு தெரியாது. முடிவு வந்தது: 9.2.

சரி, களர் என்று தெரிந்துவிட்டது. மருந்து ஜிப்சம். ஏக்கருக்கு இரண்டு டன் போடச் சொன்னார்கள். வேலை செய்கிற விதம் எளிதுதான். களரில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரில் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீரை வயலை விட்டு வெளியேற்ற வேண்டும். நாலு விரல்கடை உயரத்துக்கு நல்ல தண்ணீர் கட்டி, உழுது கலக்கி, இரண்டு நாள் விட்டு வடிக்க வேண்டும். அப்புறம் மறுபடி புதுத் தண்ணீர். இப்படி மூன்று நாலு முறை. பிறகு பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழ வேண்டும்.

2018-இல் கால்வாயில் தண்ணீர் வந்ததும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். முதல் தண்ணீரை வடித்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால், மடை வாயில் ஒரு ஆள் உயரத்துக்கு மண் கொட்டி அடைத்திருந்தது. கீழ் வயல்காரத் தம்பி மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ‘டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க உப்பக் கழுவி எங்க வயல்ல ஊத்துனா நான் எங்க போயி ஊத்துறது?’ என்று கேட்டார். நான் பதில் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இருக்க வேண்டிய வடிவாய்க்கால் எப்போதோ தூர்ந்து வரப்பாகிவிட்டது. என் வயல் தண்ணீருக்கு அவர் வயலைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த வருடம் தண்ணீர் வயலிலேயே நின்று வற்றியது. பங்குனியில் பார்த்தேன், பழையபடி வெள்ளை. ஐந்தரை டன் ஜிப்சம் போட்டும் சோடியம் என் வயலை விட்டு ஒரு அடி நகரவில்லை.

ஐயா, களர் நிலத்தைத் தனி ஆளாகத் திருத்த முடியாது. காசு இருந்தாலும் முடியாது. அவரவர் பெயருக்கு மானியத்தில் ஜிப்சம் கொடுப்பதும், அவரவர் கையில் அட்டையைக் கொடுத்துப் படம் எடுப்பதும் இந்தக் காரணத்தால்தான் பாதியில் நின்றுவிடுகிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழியை எழுதுகிறேன். 2021-இல் மழை நேரத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, கீழ் வயல் தம்பியிடம் அவர் அட்டையை எடுத்து வரச் சொன்னேன். அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். இரண்டு வாரத்தில் என் வீட்டுத் திண்ணைக்குப் பதினேழு அட்டைகள் வந்து சேர்ந்தன. அட்டையில் சந்தேகம் இருந்தவர்களுக்கு நான் கூடப் போய் மண் எடுத்துக் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, அதை ஒரு பெரிய சார்ட்டில் வரைந்து, பள்ளிக்கூடத்தில் மிச்சமான கலர் பென்சிலால் நிறம் தீட்டினோம். 8.5-க்குக் கீழே பச்சை, 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு.

சிவப்பு சிதறிக் கிடக்கவில்லை. ஒரு கயிற்றைப் போட்ட மாதிரி வளைந்து வளைந்து கிழக்கே போனது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, ‘இது பழைய வடிவாய்க்கா போன தடம்’ என்றார். வாய்க்கால் இருந்த காலத்தில் அதன் வழியே போன உப்பு, வாய்க்கால் தூர்ந்த பிறகு அதன் கரையிலேயே தங்கிவிட்டது. பதினேழு பேரும் தனித்தனியாக அட்டையை வைத்திருந்தவரை இது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பெரியவருக்கோ அட்டை படிக்கத் தெரியாது.

அந்தத் தடம் மூன்று ஊராட்சிகளின் வழியாகப் போகிறது. எந்த அலுவலகத்துக்குப் போனோம் என்று எழுத விருப்பமில்லை. ஒரு இடத்தில் ‘இது எங்கள் கணக்கில் வராது’ என்றார்கள், இன்னொரு இடத்தில் ‘பக்கத்து ஊராட்சிப் பகுதியை அவர்கள்தான் செய்ய வேண்டும்’ என்றார்கள். மொத்த வாய்க்காலையும் ஒரே தாளில் வைத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், அதுவும் கலர் பென்சிலில். கடைசியில் ஏக்கர் கணக்கில் பணம் போட்டு ஜேசிபி வைத்து, நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் வாரி, எங்கள் ஊர் எல்லை வரை வெட்டினோம். பதினோரு மணி நேர வாடகை.

எல்லையில் போய் நின்றோம். கீழூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஏரிக்கு இந்தத் தண்ணீர்தான் போகும். ‘உங்கள் களரைக் கழுவி எங்கள் ஏரியை நிரப்புவீர்களா?’ முதல் வருடம் ஒரு ஆள் கேட்டதை இந்த முறை ஒரு ஊரே கேட்டது. மூன்று தடவை உட்கார்ந்து பேசினோம், இரண்டு தடவை சண்டையில் முடிந்தது. மூன்றாவது தடவை அந்த ஊர்ப் பெண் ஒருவர் ஒரு வழி சொன்னார். ஏரி நிரம்புகிற நாட்களில் வடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழிந்து ஓடுகிற நாட்களில் வடித்தால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, பெருவெள்ளத்தோடு அது போய்விடும். அதற்குப் பதிலாக வாய்க்காலில் அவர்கள் பகுதியை வெட்ட நாங்களும் பணம் போட வேண்டும். கலிங்கு வழிகிற அன்று அவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள், நாங்கள் மடையைத் திறப்போம். இப்போது அப்படித்தான் நடக்கிறது. என் வயல் கடைசிச் சோதனையில் 8.6. ஏக்கருக்குப் பதினோரு மூட்டை எடுத்த இடத்தில் போன சம்பாவில் இருபத்து நாலு எடுத்தேன். நெல் ரகம் திருச்சி 3. களருக்கென்றே எங்கள் பக்கத்தில், நாவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் உருவான ரகம்.

இது எங்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்துக் கொஞ்ச நாள் மிதப்பில் இருந்தேன். அப்புறம் தெரிந்தது, உத்தரப் பிரதேசத்தில் 1993-லேயே உலக வங்கி உதவியோடு களர் நிலத்தை இப்படித்தான் திருத்த ஆரம்பித்திருக்கிறார்கள் என்று. முதலில் நிலத்தை வரைபடமாக்கி, பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களை ஒரே தண்ணீர்க் குழுவாகச் சேர்த்து, வயல் வடிகாலைப் பெரிய வடிகாலோடு இணைத்த பிறகுதான் ஜிப்சத்தைப் போட்டிருக்கிறார்கள். அதற்கான தொழில்நுட்பம் ஹரியானா மாநிலம் கர்னாலில் 1969-இல் தொடங்கிய மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் அங்கே பழகிய ஒரு விஷயத்தை இங்கே நான் மடை அடைபட்டு, ஐந்தரை டன் ஜிப்சத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன். நாட்டில் சுமார் 67 லட்சம் எக்டேர் களரும் உவரும் இருக்கிறது. தமிழ்நாட்டில் களர் மட்டும் ஏறக்குறைய மூன்றரை லட்சம் எக்டேர். அத்தனை பேரும் என்னைப் போலத் தனித்தனியாக அடிபட்டுத்தான் கற்க வேண்டுமா?

வாய்மொழியாகப் பரவினால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். வேதாரண்யம் பக்கம் வாக்கப்பட்ட என் நாத்தனார், என் விளைச்சலைக் கேள்விப்பட்டு ஜிப்சம் வாங்கப் புறப்பட்டுவிட்டார். ‘முதலில் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் அண்ணி’ என்றேன். கார அமில நிலை எட்டைத் தொடவில்லை, ஆனால் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் ஆறுக்கு மேல். அது உவர். கடல் உப்பு. நாலைத் தாண்டினாலே உவர் என்பார்கள். அந்த அட்டையைப் பார்த்த வேளாண் அலுவலர், முதலில் மழைநீரைத் தேக்கி இரண்டு முறை வடித்துக் கழுவுங்கள், ஜிப்சம் வேண்டுமா என்று அதற்கப்புறம் பார்க்கலாம் என்றாராம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் மழைநீரில் கழுவியும் தக்கைப்பூண்டு மடக்கியும் வயல்களை மீட்ட அனுபவம் அந்தப் பக்கத்து ஆட்களிடமே நிறைய உண்டு. நாத்தனார் அதை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். பக்கத்து ஊரில் உள்ளதை விடத் தூரத்துச் சொந்தக்காரி சொல்வதில் நமக்கு நம்பிக்கை அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரி வண்டல். 2024-இல் வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு எளிமையாக்கியது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம். நல்ல ஏற்பாடு, நானும் வாங்கினேன். ஆனால் களர் நிலத்து வடிகால் போய்ச் சேருகிற ஏரியின் வண்டலும் களராக இருக்கலாம். எங்கள் பக்கம் இரண்டு பேர் டிராக்டர் டிராக்டராக அடித்துப் போட்ட பிறகுதான் சோதித்தார்கள். செம்மண் நிலத்தில் கொண்டுபோய் 8.9-ஐக் கொட்டியிருந்தார்கள். ஏரிக்கு ஐந்து இடத்தில் மண் எடுத்துச் சோதித்து, அந்த முடிவை ஏரிக்கரையில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும். அந்த ஏரியில் மண் எடுக்கிற நாலு ஊருக்கும் அது பயன்படும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். எங்கள் பகுதித் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். திருத்திய வயலுக்கு அதையே பாய்ச்சினால் சில வருடத்தில் மறுபடி களர். ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாகத் தண்ணீரை விட்டுப் பாய்ச்சலாம். எந்தக் கிணறு மோசம் என்று தெரிந்தால்தானே தொட்டி கட்டுவது? தெரிந்தவர் சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னால் நிலத்தின் விலை போய்விடுமாம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. கிணற்றின் பெயரைப் போடாமல், நிறத்தை மட்டும் வரைபடத்தில் போடலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அரசிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. ‘தமிழ் மண்வளம்’ இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் விவரம் வருகிறது. ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை கிடைக்கிறது. இரண்டும் ஆளைப் பார்த்துப் பேசுகின்றன, வாய்க்காலைப் பார்த்துப் பேசவில்லை. நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றில், மார்ச் 22 தண்ணீர் தினத்துக் கூட்டமே பொருத்தம், ஊரின் மண் முடிவுகளைப் புலப்படத்தில் நிறம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஒரே வடிகாலில் வரும் ஊர்கள் அந்தப் படங்களை ஒட்டுப் போட்டுப் பார்க்கட்டும். ஜிப்சத்தைப் பெயர் வரிசையில் கொடுக்காமல் வடிகால் வரிசையில் கொடுங்கள். வாய்க்கால் வெட்டிய தடத்துக்கு முதலில், வெட்டாத தடத்துக்கு வெட்டிய பிறகு. மண் எடுக்க வருகிற பிள்ளைகள் சேற்றுக்குப் பயந்து ரோட்டோரம் எடுக்காமல் இருக்க, ஊரில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும். நான் வருகிறேன்.

எங்கள் வரைபடத்தில் இன்னும் வெள்ளையாக ஒரு பகுதி கிடக்கிறது, மூன்றாவது ஊராட்சி. அங்கிருந்து ஒரு அட்டைகூட வரவில்லை. வாய்க்கால் அங்கே போய் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால் வெட்டி எடுத்துக்கொண்டு அந்த ஊர் டீக்கடைக்குப் போவதாக இருக்கிறேன். பேப்பரில் வந்தால் படிப்பார்கள். நான் நேரில் சொன்னபோது கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், விவசாயி,
மணிகண்டம் ஒன்றியம், திருச்சி மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்துள்ளேன், வெளியிட வேண்டாம்.)

பி.கு.: போன வருட தக்கைப்பூண்டு விதை இருபது கிலோ மிச்சம் இருக்கிறது, ஒரு ஏக்கருக்கு வரும். அந்த மூன்றாவது ஊராட்சியிலிருந்து முதலில் அட்டையோடு வருகிறவருக்கு அதைக் கொடுத்துவிடுகிறேன்.